“டீச்சர்தானே கிள்ளினாங்க?”: நான்கு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்வி

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பது இது. மகனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. இவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பதால் பகலில் பிள்ளை தஸ்கா என்ற குழந்தைப் பராமரிப்பு மையத்தில் இருக்கிறான். போன திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது மேல்கையில் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு “விழுந்துட்டேன்” என்றான். பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. அவரும் கேட்டார், அப்பாவும் கேட்டார், சித்தி வந்து கேட்டார். வியாழக்கிழமை “டீச்சர் கிள்ளினாங்க” என்றான். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்லி அழுகிறான். டீச்சரோ சறுக்கில் விழுந்தான் என்கிறார். “நாலு வயசுப் பிள்ளை நடக்காததைச் சொல்லுமா? நான் எதை நம்புவது?”

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சொல்லும். நான்கு வயதுப் பிள்ளை நடக்காத ஒன்றை, நடந்தது போலவே, கண்ணீரோடு சொல்லும். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பிள்ளை அதை நம்பித்தான் சொல்கிறது. அதே வயதுப் பிள்ளை நடந்த கொடுமையை முதலில் மறைத்துவிட்டு நான்கு நாள் கழித்து உண்மையைச் சொல்வதும் உண்டு. உங்கள் மகன் விஷயத்தில் இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. இன்னும் பத்து முறை அவனைக் கேட்டாலும் உங்களுக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே இன்றே கேட்பதை நிறுத்துங்கள். வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

அடுத்து, கன்றல் மறையும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முட்டியிலும் அதற்குக் கீழே முன்காலிலும் நெற்றியிலும் காயம் படுவது சாதாரணம். காது, கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகு ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். மேல்கையில் இருப்பது விரல் பதிந்த தடமா, விழுந்த அடியா என்பதை உங்கள் மகனின் வாயைவிட அவன் தோல் தெளிவாகச் சொல்லக்கூடும். பினாங்குப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், சந்தேகம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடம் இந்தத் தீவில் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடும், பிறகு பாலர் பள்ளி ஆசிரியைகளோடும் இருந்தவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் வீட்டில் நடந்த பேச்சை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியபடியே, உங்கள் முதல் கேள்வி “என்னய்யா ஆச்சு?” அதற்கு “விழுந்துட்டேன்” என்று பதில் வந்தது. பாட்டி, “யாராச்சும் அடிச்சாங்களா?” என்றார். “இல்ல” என்றான். அடுத்த நாள், “டீச்சர் அடிச்சாங்களா, கிள்ளினாங்களா?” பிள்ளை பேசவில்லை. புதன்கிழமை சித்தி, “டீச்சர்தானே கிள்ளினாங்க? பயப்படாம சொல்லு, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.” வியாழக்கிழமை, “டீச்சர் கிள்ளினாங்க.”

நம் மொழியில் ஒரு சின்ன ஒட்டு எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். “என்ன ஆச்சு?” என்று கேட்டால் பிள்ளை தன் நினைவுக்குள் போய் எதையாவது எடுத்துவர வேண்டும். “அடிச்சாங்களா?” என்றால் உள்ளே போக வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். “அடிச்சாங்களா, கிள்ளினாங்களா?” என்று கேட்கும்போது இரண்டில் ஒன்று நடந்துவிட்டது என்று நாமே முடிவு செய்து கொடுத்துவிட்டோம். “டீச்சர்தானே” என்ற ‘தானே’யில் பதிலும் இருக்கிறது, அந்தப் பதில் வந்தால் சித்தி சந்தோஷப்படுவார் என்ற செய்தியும் இருக்கிறது. “ஏன் கிள்ளினாங்க?” என்பது எல்லாவற்றிலும் மோசம். அதற்குக் காரணத்தை மட்டும்தான் சொல்ல முடியும். கிள்ளவே இல்லை என்று சொல்ல நான்கு வயதுக்கு வாய் வராது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? “நான் சொன்னது சரியில்லை போல, அதனால்தான் மறுபடி கேட்கிறார்கள்.” உடனே பதிலை மாற்றும். வகுப்பறையில் நாம் அப்படித்தான் பழக்குகிறோம். சரியான விடை சொன்னால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவோம், தப்பான விடைக்குத்தான் மறுபடி கேட்போம்.

அமெரிக்காவில் மிஷெல் லைக்ட்மன், ஸ்டீபன் சேசி என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் ஆசிரியைகளுக்கு எப்போதும் சொல்வேன். சாம் ஸ்டோன் என்ற ஒருவர் பாலர் பள்ளிக்கு வருகிறார். இரண்டே நிமிடம் இருக்கிறார். வணக்கம் சொல்கிறார், வகுப்பைச் சுற்றி நடக்கிறார், போய்விடுகிறார். எதையும் தொடவில்லை. சில பிள்ளைகளுக்கு அவர் வருவதற்கு முந்தைய ஒரு மாதமாகவே “சாம் ஸ்டோன் அடிக்கடி கைதவறும் ஆள், எதையாவது உடைத்துவிடுவார்” என்று கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் வந்து போன பிறகு பத்து வாரங்களில் பல முறை அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டார்கள். “சாம் ஸ்டோன் புத்தகத்தைக் கிழித்தாரே, கோபத்தில் கிழித்தாரா, விளையாட்டாகவா?” “கரடி பொம்மையை அழுக்காக்கினாரே, வேண்டுமென்றா, தெரியாமலா?”

கடைசியில் வேறு ஒருவர் வந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார். கதையும் கேட்டு, தூண்டும் கேள்விகளும் கேட்ட மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில், புத்தகத்தைப் பற்றியும் கரடியைப் பற்றியும் கேட்டபோது 72 விழுக்காட்டினர் ஒன்றையாவது அவர் செய்தார் என்றார்கள். 44 விழுக்காட்டினர் கண்ணால் பார்த்ததாகவே சொன்னார்கள். “நிஜமாகவா? நீ பார்க்கவில்லைதானே?” என்று மெல்லத் தட்டிக்கேட்ட பிறகும் 21 விழுக்காட்டினர் மாறவில்லை. ஐந்து ஆறு வயதினரில் கடைசிவரை நின்றவர்கள் 11 விழுக்காடு. ஒரே பள்ளி வயது, இரண்டு வருட வித்தியாசம், பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அதே சோதனையில் இன்னொரு குழுவும் இருந்தது. முன்கதை இல்லை, தூண்டும் கேள்வியும் இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள், அதே மூன்று நான்கு வயதில் இருந்தவர்கள்கூட, பெரும்பாலும் நடந்ததையே சொன்னார்கள். இந்தப் பாதியை யாரும் நினைவில் வைப்பதில்லை. எனக்கோ இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. பிள்ளையின் நினைவு பழுதாகவில்லை, நாம் கை வைக்கும்வரை.

என் வீட்டிலேயே இது நடந்தது. என் மூத்த மகனுக்கு அப்போது நான்கு வயது, ஆயர் ஈத்தாமில் குடியிருந்தோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் புறப்படும் நேரம். என் அம்மா கொடுத்த ஜிமிக்கியில் ஒன்றைக் காணோம். பதற்றத்தில் பிள்ளையைப் பிடித்தேன். “நீதானே எடுத்தே?” தலையாட்டினான். “எங்கே போட்டே? லொங்காங்லயா?” தலையாட்டினான். “எப்படிப் போட்டே?” “டொப்புன்னு போட்டேன்.” என் கணவர் டார்ச் லைட்டோடு லொங்காங்கில், அந்தச் சாக்கடையில், இறங்கித் தேடினார். பிள்ளைக்கு அடி விழுந்தது. மூன்று வாரம் கழித்து இரும்பு அலமாரியில் ஒரு சேலை மடிப்புக்குள் ஜிமிக்கி இருந்தது. நான் கழற்றிய இடத்திலேயே. ‘லொங்காங்’ என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. இன்று அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். நடந்தது எல்லாம் தெரிந்த பிறகும், அந்த ‘டொப்’ சத்தம் காதில் கேட்கிறது என்கிறான். அன்றைக்கு வாங்கிய அடிக்காக நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தை எடுத்துவிட என்னால் முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பெரியவர்களான நமக்கு, ஒரு நினைவு வந்தால் அது பார்த்ததா, கேட்டதா, கனவா என்று ஓரளவு பிரித்துச் சொல்லத் தெரியும். நாமும் தவறுகிறோம். நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1970-களிலிருந்து பெரியவர்களிடம் இதைத்தான் காட்டிவந்தார். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிப்பு இன்னும் கைவரவில்லை. “டீச்சர் கிள்ளுறாங்க” என்று நாலு நாள் கேட்டுக் கேட்டு மனதில் ஒரு படம் வந்துவிட்டால், அந்தப் படம் தஸ்காவிலிருந்து வந்ததா, பாட்டியின் மடியிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. டெப்ரா பூல், ஸ்டீபன் லிண்ட்சே இருவரும் செய்த ஒரு சோதனையில் பெற்றோரே பிள்ளைக்கு ஒரு கதையை மூன்று முறை படித்துக் காட்டினார்கள். பிள்ளை உண்மையில் செய்த சில அறிவியல் விளையாட்டுகளும், செய்யாத சிலவும் அந்தக் கதையில் இருந்தன. பிறகு கேட்டால், செய்யாததையும் செய்ததாகச் சில பிள்ளைகள் சொன்னார்கள். அப்பா அம்மா அன்பாகப் படித்த கதை, வேறொன்றுமில்லை.

இன்னொரு காரணம் நம்மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை. சேசியும் உடனிருந்தவர்களும் 1987-இல் ஒன்று பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி, பிறகு அதைப் பற்றித் தப்பான விவரம் கொடுத்தார்கள். அதைப் பெரியவர் சொன்னபோது மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். அதையே ஏழு வயதுச் சிறுவன் சொன்னபோது அவ்வளவாக ஏற்கவில்லை. தப்பு ஒன்றுதான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்புவதால்தான் நம்மால் அவர்களை வளர்க்க முடிகிறது. அதே நம்பிக்கைதான் இங்கே அவர்களைச் சறுக்கவும் வைக்கிறது.

நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. “பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்” என்று பழக்கியிருக்கிறோம். பிள்ளை ‘தெரியாது’ என்றால் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் இருவரும் 1980-இல் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் “பால் தண்ணீரைவிடப் பெரியதா?”, “சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?” என்று கேட்டார்கள். அர்த்தமே இல்லாத கேள்வி. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். சிலர் காரணமும் சொன்னார்கள். நான் என் வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு பெண் பிள்ளை, “பால்தான் டீச்சர் பெருசு, டின்ல வருது” என்றாள். பெரியவர் கேட்டுவிட்டார், பதில் இருந்தே ஆக வேண்டும்.

பினாங்கில் மொழியும் குறுக்கே வரும். தஸ்காவில் மலாய், வீட்டில் தமிழ், கைப்பேசியில் ஆங்கிலம். ஒரு முறை ஒரு பாட்டி பதறிக்கொண்டு என்னிடம் வந்தார். பேத்தி ‘புக்குல்’, ‘புக்குல்’ என்று சொல்கிறாளாம், டீச்சர் அடிக்கிறாராம். மலாயில் அந்தச் சொல்லுக்கு அடி என்றும் பொருள், மணி இத்தனை என்று சொல்லவும் அதுவேதான். குழந்தை கற்றுக்கொண்டிருந்தது மணி பார்க்க. பாட்டி கேட்ட கேள்விகளில் அதற்குள் இரண்டு அடி சேர்ந்துவிட்டிருந்தது.

ஐஸ்கிரீமுக்கு வருகிறேன். சித்தி அன்பாகத்தான் சொன்னார், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அன்பு ஒரு ஊரையே குலைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983-இல், தன் மகனை ஆசிரியர் பாலியல் வதை செய்தார் என்ற ஒரு தாயின் புகாரில் தொடங்கியது. காவல்துறை மற்றப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்ப, வீட்டுக்கு வீடு விசாரணை. பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, “மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் புத்திசாலிதானே” என்ற பாணியில் கேட்டார்கள். சொன்ன பிள்ளைக்குப் பாராட்டு, சொல்லாத பிள்ளைக்கு ஏமாற்றமான முகம். பள்ளிக்கு அடியில் சுரங்கம் இருந்தது என்றுகூடப் பிள்ளைகள் சொன்னார்கள். 1990-இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. அந்த விசாரணை முறையை 1998-இல் சேனா கார்வனும் உடனிருந்தவர்களும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வகுப்புக்கு வந்துபோன ஒருவரைப் பற்றி அவர் செய்யாததையெல்லாம் கேட்டார்கள். தூண்டும் கேள்வி மட்டும் கேட்ட குழுவில் தப்பான ‘ஆமாம்’ 17 விழுக்காடு. பாராட்டும், “மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்” என்பதும் சேர்ந்த குழுவில் 58. ஒரு விசாரணை ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது நான்கு நாள்.

தஸ்கா பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதை இன்னும் போடவில்லை என்றால் தயவுசெய்து போடாதீர்கள். கேப்ரியல் பிரின்சிபியும் சேசியும் மற்றவர்களும் 2006-இல் காட்டியது இது. மந்திரவித்தைக்காரர் ஒருவர் வந்துபோன பாலர் பள்ளியில், முயல் தப்பித்துப் பள்ளிக்குள் ஓடிவிட்டதாக இரு பெரியவர்கள் பேசிக்கொண்டதைச் சில பிள்ளைகள் காதில் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளிலும், அவர்களிடமிருந்து கேட்ட கூட்டாளிகளிலும் பலர் முயலைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். யாரும் அவர்களிடம் நேராகச் சொல்லவே இல்லை. பிள்ளை பிடிக்கும் வெள்ளை வேன் வதந்தி நம் கைப்பேசிகளில் சுற்றும்போதெல்லாம் எத்தனை பிள்ளைகள் அந்த வேனைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், யோசியுங்கள். நாளை இன்னும் நான்கு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளிடம் “உன்னையும் கிள்ளினாங்களா?” என்று கேட்டால், நான்கு ‘ஆமாம்’ கிடைக்கும். அந்த நான்கும் உங்கள் மகனுக்குச் சாட்சியாகாது. உண்மையாகவே ஒரு பிள்ளை கிள்ளப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளையின் சொல்லும் இந்தக் கூட்டத்தில் மதிப்பிழந்துபோகும்.

“என் பிள்ளை முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்து எனக்கு மனம் கனத்தது. பொய்யான நிகழ்ச்சியை நம்பிச் சொன்ன பிள்ளைகளின் காணொளியை, பிள்ளைகளோடு வேலை செய்யும் வல்லுநர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். உண்மை எது, பதிந்தது எது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. பிள்ளை நடிக்கவில்லையே, முகத்தில் என்ன தெரியப்போகிறது? அழுகையும் விவரமும் எதையும் நிரூபிக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியானால் பிள்ளைகள் சொல்வதை நம்பக்கூடாது” என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது பெரிய கேடு. பிள்ளைகளை வதைப்பவர்கள் காத்திருப்பது அந்த முடிவுக்குத்தான். உண்மையில் துன்பப்படும் பிள்ளைகளில் பலர் பயத்தால், வெட்கத்தால், அந்த ஆளின் மேலுள்ள பாசத்தால் வாயே திறப்பதில்லை. யாரும் கேட்காமல் ஒரு பிள்ளை தானாகச் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு மிக அதிகம். குளிக்கும்போதோ தூங்கும்போதோ விளையாட்டின் நடுவிலோ வரும் அந்த ஒரு வரியை நாம் காப்பாற்ற வேண்டும். அதைக் காப்பாற்றுவது என்றால் அதன்மேல் நம் சொல்லை வைக்காமல் இருப்பதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது பிள்ளையின் சொல்லை அப்படித்தான் மதிக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டத்தின்படி 16 வயதுக்குட்பட்டவர்கள் திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்லலாம். முன்பே பதிவுசெய்த காணொளியையும் நீதிமன்றம் ஏற்கலாம். 2017-இல் வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அந்த வகை வழக்குகளில் வேறு ஆதாரம் இல்லாமல் பிள்ளையின் சாட்சியை மட்டும் வைத்தே தண்டிக்க இடம் கொடுக்கிறது. அவ்வளவு கனம் ஒரு பிள்ளையின் சொல்மேல் ஏற்றப்படும்போது, அந்தச் சொல் எப்படி வந்தது என்பதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கிளறுவார். காவல்துறையில் பாலியல், பெண்கள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் டி11 பிரிவில் பிள்ளைகளை விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். சிறார் நேர்காணல் மையத்தில் பேச்சைக் காணொளியாகப் பதிவு செய்வார்கள், பிள்ளை பத்துப் பேரிடம் பத்து முறை சொல்ல வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற அரசு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பயிற்சி பெற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதை வீட்டிலும் ஓரளவு பின்பற்றலாம். மைக்கேல் லாம்ப் குழுவினர் அமெரிக்கச் சிறார் நல ஆய்வு நிறுவனத்தில் வகுத்த முறை பல நாடுகளில் புழங்குகிறது. முதலில் சம்பந்தமில்லாத ஒன்றை, பிறந்தநாள் கொண்டாட்டம் போல எதையாவது, பிள்ளையைத் தன் போக்கில் சொல்லப் பழக்குவார்கள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா நீ என்னைத் திருத்தலாம்” என்று அனுமதி கொடுப்பார்கள். பிறகு “என்ன நடந்துச்சு, எல்லாம் சொல்லு”, “அப்புறம்?”, “கீழே விழுந்தேன்னு சொன்னியே, அதைப் பத்தி இன்னும் சொல்லு.” பிள்ளை சொன்ன சொல்லைத்தான் திருப்பிச் சொல்வார்கள், தங்கள் சொல்லை நுழைப்பதில்லை. நான்கு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் மூன்று வரிதான் சொல்லும். நமக்கு அது போதவில்லை, அதனால்தான் இடித்து இடித்துக் கேட்கிறோம். அந்த மூன்று வரி போதும்.

உங்கள் மகனுக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மருத்துவர் பார்த்து முடிவு தெரியும்வரை அவனைத் தஸ்காவுக்கு அனுப்பாமல் பாட்டியிடமே விட்டுவையுங்கள். அவன் கேட்டால் “கொஞ்ச நாள் பாட்டியோட இரு” என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். அவனாக அந்தப் பேச்சை எடுத்தால், கையில் இருக்கும் வேலையை விடாமலே “ம்ம், சொல்லு” என்று கேளுங்கள். அதிர்ச்சியும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். அவன் சொன்ன சொற்களை அப்படியே, எந்த மொழியில் சொன்னானோ அந்த மொழியில், நேரத்தோடு எழுதி வையுங்கள். டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், திங்கட்கிழமை சறுக்கில் விழுந்ததை யார் பார்த்தார்கள், எழுதி வைத்தார்களா, கேமரா இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காணொளிப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும், அதனால் இன்றே கேளுங்கள்.

மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பேரனுக்காகத்தான் அவர் அத்தனை முறை கேட்டார், அது எனக்குப் புரிகிறது. பிறகு அவரோடும் சித்தியோடும் உட்கார்ந்து, இந்த நான்கு நாளில் யார் எப்போது என்ன கேட்டீர்கள், அவன் என்ன சொன்னான் என்று நினைவிலிருக்கும்வரை ஒரு தாளில் எழுதுங்கள். ‘கிள்ளு’ என்ற சொல் முதலில் யார் வாயில் வந்தது என்பதையும் எழுதுங்கள். ஐஸ்கிரீமையும் விட்டுவிட வேண்டாம். மருத்துவரிடமும், புகார் கொடுப்பதாக இருந்தால் காவல்துறையிடமும் அந்தத் தாளை அப்படியே கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அவன் “விழுந்துட்டேன்” என்று சொன்னது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.